இறுகிப்போன ஜன்னலும் உடைந்த கண்ணாடியும்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மர ஜன்னல் திறக்க மறுக்கும். உடனே தச்சரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இழைத்து விடுங்கள்" என்று சொல்வோம். எங்கள் வீட்டிலும் ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் செய்தோம். கதவு அன்றே லேசாகத் திறந்தது. பங்குனி வெயிலில் மரம் காய்ந்ததும் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. அடுத்த மழையில் சாரல் அந்தச் சந்து வழியாகக் கட்டில் வரைக்கும் வந்தது.

இழைத்து எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மர ஜன்னலில் எந்த வேலை செய்தாலும் இழைப்புளி கடைசியாகத்தான் கைக்கு வர வேண்டும். கீழே சொல்லும் வரிசையும் அப்படியே இருக்கும். அலுமினியம், யு.பி.வி.சி. ஜன்னல்களின் சிக்கல்கள் வேறு. இது பழைய வீடுகளில் இருக்கும் கம்பி வைத்த மர ஜன்னலுக்கு.

எடுத்து வைக்க வேண்டியவை

திருப்புளி, சுத்தியல், குறடு, அரை அங்குல உளி, அளவு டேப், ஒரு சாக்பீஸ், தண்ணீர் தாங்கும் மரப்பசை, 80ஆம் எண்ணிலும் 120ஆம் எண்ணிலும் உப்புத்தாள், தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

படி 1: எங்கே உரசுகிறது என்று பாருங்கள்

நிலையின் உள்விளிம்பு முழுவதும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். உரசும் இடத்தில் கதவின் மேல் வெள்ளை ஒட்டியிருக்கும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

மரம் ஈரத்தில் ஊறும்போது அகலவாக்கில் ஊறும், நீளவாக்கில் அநேகமாக ஊறவே ஊறாது. ஜன்னல் கதவின் இரண்டு பக்கச் சட்டங்களும் செங்குத்தாக நிற்கின்றன. அவை ஊறினால் கதவு பக்கவாட்டில்தான் பெருக்கும். ஆகவே நிற்கும் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை ஒட்டியிருந்தால் அது ஊறல். அடி மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் ஊறல் இல்லை, கதவு தொங்கிவிட்டது. மழைக்காலத்தில் இறுகியது என்று நாம் நினைக்கும் பல ஜன்னல்கள் உண்மையில் தொங்கிப்போனவைதான். அவற்றை இழைக்கவே கூடாது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் அசைந்தால் கோளாறு கீலில். கீல் அசையாமல் கதவின் மூட்டுகள் மட்டும் வாய் திறந்தால் கோளாறு கதவின் கூட்டில். சந்தேகம் இருந்தால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் கதவு சாய்ந்திருக்கிறது. பசை விட்டு, மூலையில் எல் வடிவ இரும்புப் பட்டி வைத்துத் திருகினால் நிற்கும்.

படி 2: கீலைச் சரிசெய்யுங்கள்

முதலில் எச்சரிக்கை. நம் ஊர் ஜன்னல்களில் பெரும்பாலும் கம்பி உள்ளே இருக்கும், கதவு வெளியே திறக்கும். மாடியில் கீல் திருகைக் கழற்றினால் கதவு தெருவில்தான் விழும். அதனால் ஒரு திருகைத் தொடுவதற்கு முன்பே கதவின் சட்டத்தைக் கயிற்றால் கம்பியோடு இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். கீழே யாரும் நடமாடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். கம்பி வழியாகக் கை எட்டவில்லையென்றால் அந்த ஜன்னலைத் தச்சரிடம் விட்டுவிடுவதே நல்லது. உடம்பை வெளியே நீட்டி எந்த வேலையும் வேண்டாம்.

சரி, திருகுகளுக்கு வருவோம். திருப்புளி வைத்து இறுக்கிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் அதோடு வேலை முடிந்தது. சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது. அந்தத் திருகைக் கழற்றி, துளையிலிருக்கும் துருவையும் தூளையும் ஊதி எடுங்கள். மூங்கிலை மெல்லிய குச்சிகளாகச் சீவிக்கொள்ளுங்கள். மருந்தைக் கிள்ளிய மரத் தீக்குச்சியும் ஆகும். பசையில் தோய்த்து, துளை நிறையும்வரை சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சமமாக வெட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். மறுநாள் நடுவில் சிறு துளை போட்டுப் புதுத் திருகை ஏற்றுங்கள்.

பழைய திருகு ஓர் அங்குலம் என்றால் புதியது ஒன்றரை அங்குலம் வாங்குங்கள், பழைய துளைக்கு அப்பால் இருக்கும் புது மரத்தை அது பிடிக்கும். துருப்பிடித்த இரும்புக் கீலை மாற்றுவதாக இருந்தால் எவர்சில்வர் கீல் வாங்குங்கள். கடலோர ஊர்களில் இரும்புக் கீல் போடுவது காசுக்கு நஷ்டம்தான். மூன்று கீல் இருந்தாலும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். மேல் கீலில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றினால் கதவு தன் இடத்தை விட்டு நகராது.

படி 3: உண்மையிலேயே ஊறியிருந்தால்

பொறுங்கள். மழை விட்டு, மரம் காயட்டும். தை கடைசியிலோ மாசியிலோ மறுபடியும் சாக்பீஸ் சோதனை செய்யுங்கள். அதுவரை உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் ஓரளவு திறந்து மூடலாம்.

காய்ந்த பிறகும் உரசினால் முதலில் பெயிண்டைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய பூச்சின் மேலேயே புதிது அடித்து வந்த வீடுகளில், விளிம்பில் பூச்சு மட்டும் கனமாகத் தடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே கதவு இலகுவாகிவிடும். ஆனால் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், தரையில் விழுந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால்தான் இழைப்புளி. இரட்டைக் கதவு ஜன்னலில் இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார ஒரு காடி வெட்டியிருப்பார்கள். சாரலைத் தடுப்பது அதுதான், அதில் கைவைக்காதீர்கள். கதவைக் கழற்றிக் கீல் பக்கத்தை இழையுங்கள். இழைத்த அளவுக்கே கீல் உட்காரும் குழியையும் உளியால் ஆழப்படுத்துங்கள். இரண்டு தடவை இழைத்தால் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். சுற்றிலும் 2 மி.மீ. சந்து இருந்தால் போதும்.

கதவு கீழே இறங்கியிருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கதவின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் பாருங்கள். அநேகமாக அங்கே பெயிண்டே இருக்காது, கதவை மாட்டிய பிறகு அடிப்பதால் பிரஷ் அங்கே போவதில்லை. பக்கச் சட்டங்களின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான். மரத்தின் குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன, தண்ணீரை உறிஞ்சுவதும் அந்த வழியாகத்தான். வுட் பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அந்த முனைகளில் ஊறும்படி அடியுங்கள். வருடா வருடம் இறுகிய ஜன்னல் இதற்குப் பிறகு அடங்கிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மொத்த வேலையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பத்து நிமிட வேலைதான்.

படி 4: உளுத்த அடிச்சட்டம்

கதவின் அடிச்சட்டத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது. கறுத்த மரம் முழுவதையும், கெட்டியான மரம் தட்டும்வரை, உளியால் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, பள்ளம் சிறிதாக இருந்தால் அரால்டைட்டில் நைசான மரத்தூளைக் குழைத்து அடைக்கலாம். எம்சீலும் வைக்கலாம். சட்டத்தின் கனத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் அடைப்பது வீண், அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அடைத்தால் அடுத்த ஆண்டே மறுபடி உளுக்கும். சன்ஷேடின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு வரிப்பள்ளம் இருக்க வேண்டும். அது சிமெண்டால் மூடியிருந்தால் தண்ணீர் அங்கே சொட்டாமல் சுவரோடு உள்ளே ஓடிவந்து ஜன்னலில் இறங்கும். ஜன்னல் திண்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கம்பி நிலையில் இறங்கும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடியுங்கள், துரு பருத்து மரத்தையே பிளந்துவிடும்.

நிலையில் மண் கோடு ஏறியிருந்தாலோ, தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ கரையான். அதற்கு மருந்து அடிப்பவர் வந்து பார்த்த பிறகுதான் மரவேலை.

படி 5: உடைந்த கண்ணாடி

கதவைக் கழற்றித் தரையில் பழைய பெட்ஷீட் விரித்து வைத்துச் செய்வதுதான் பத்திரம். கழற்ற முடியாத ஜன்னல் என்றால் கண்ணாடியின் இரு பக்கமும் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய பீடிங் கட்டையின் நடுவில் உளியை நுழைத்து மெல்ல நெம்பினால் அது வில்போல் வளைந்து வெளியே வரும். மூலையில் நெம்பினால் முறியும். எந்தப் பக்கத்துக் கட்டை எது என்று பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். துண்டுகளை மேலிருந்து கீழாக எடுங்கள். கனமான அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே "கண்ணாடி" என்று பெரிதாக எழுதி ஒட்டித் துப்புரவுப் பணியாளர் கையில் கொடுங்கள். குப்பைப் பையில் அப்படியே போட்டால் கிழிவது அவர் கைதான்.

கண்ணாடி உட்காரும் காடியில் மிச்சமிருக்கும் பழைய புட்டியையும் (கண்ணாடியைப் பதிக்கும் மாவுப் பூச்சு) ஆணிகளையும் சுரண்டி எடுங்கள். அப்புறம் அளவு. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோல மூன்று இடத்திலும் அளந்து, ஒவ்வொன்றிலும் சின்ன அளவையே எழுதுங்கள். அதில் ஒரு நூல் குறைத்துக் கடையில் சொல்லுங்கள். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல், ஆக ஒரு நூல் சுமார் 3 மி.மீ. இந்த இடம் விட்டால்தான் மரம் ஊறும்போது கண்ணாடியை நெருக்காது. அளவெடுத்த அன்றே சரியாக உட்காரும் கண்ணாடி ஒரு மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விடுவது இதனால்தான்.

சாதாரண ஜன்னலுக்கு 4 மி.மீ. கனம் போதும். அதில் ஒரு சதுர அடி கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. வெட்டிய விளிம்பைச் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்துத் தரக் கடைக்காரரிடமே கேளுங்கள்.

காடியில் வுட் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். இதை விட்டுவிட்டால் மரம் புட்டியின் எண்ணெயைக் குடித்துவிடும், புட்டி வெடித்து உதிரும். சீமைச்சுண்ணாம்புத் தூளில் ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்தால் புட்டி தயார். கையில் ஒட்டினால் தூள் சேருங்கள், பிளந்தால் எண்ணெய். காடியைச் சுற்றி மெல்லிய படுக்கையாகப் புட்டி வைத்து, அதன் மேல் கண்ணாடியை உட்காரவையுங்கள். அழுத்தும்போது ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள், நடுவில் கூடாது. பிறகு பீடிங்கை வைத்து, தலை சிறிய ஆணியைப் பழைய துளை தவிர்த்துப் புது இடத்தில் அடியுங்கள். கண்ணாடிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிதுங்கிய புட்டியைக் கத்தியால் வழித்துவிடுங்கள்.

படி 6: மாட்டுவதும் பெயிண்ட்டும்

கதவைத் தூக்கி மாட்டும்போது அடியில் இரண்டு மெல்லிய அட்டை வைத்தால் உயரம் சரியாக நிற்கும். முதலில் ஒவ்வொரு கீலிலும் ஒரே ஒரு திருகை ஏற்றி, சாத்தித் திறந்து பார்த்துவிட்டு மற்றவற்றை இறுக்குங்கள். தொங்கல் சரியானதும் தாழ்ப்பாள் பழைய துளைக்கு நேராக இறங்காமல் போகலாம். துளையைப் பெரிதாக்காமல் தாழ்ப்பாளையே நகர்த்தி வைத்துத் திருகுங்கள்.

புட்டியின் மேல் உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். விரலால் தொட்டால் தடம் பதியாத அளவுக்குத் தோல் கட்டட்டும், இரண்டு வாரம் போல ஆகும். அதன் பிறகு அடிக்கும்போது பிரஷ் கண்ணாடியின் மேலும் அரை நூல் ஏறட்டும். புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் நுழையும் வாயை அடைப்பது அந்த மெல்லிய கோடுதான், சுத்தமாக இருக்கட்டும் என்று பிளேடால் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.