மருத்துவ வாரிய அறிக்கை கைக்கு வந்த விதம்

ராணுவத்திலிருந்து மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டு, கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக்குத் திரும்பிய நான், ஊன ஓய்வூதியத்துக்காக அனுப்பிய கடிதங்கள் எதற்கும் இரண்டு ஆண்டுகளாகப் பதில் வரவில்லை. முழங்கால் வலியைவிட அந்த மௌனமே என்னை வருத்தியது.

முதலில் ஆவணத்தைக் கேளுங்கள் என்று ஈரோட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் அண்ணன் ஒருவர் சொன்ன பிறகே வழி தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து, ராணுவ எண்ணையும் விடுவிப்பு நாளையும் குறிப்பிட்டு, விடுவிப்பின்போது கூடிய மருத்துவ வாரியத்தின் அறிக்கையையும் பணியில் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனையின் பதிவையும் மட்டும் கேட்டேன். 30 நாட்கள் கடந்தும் பதில் வராததால், 19-ஆம் பிரிவின்படி முதல் மேல்முறையீடு செய்தேன். அதன் பின்னர் நகல்கள் வந்து சேர்ந்தன.

சேர்க்கைப் பதிவை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. சேரும்போது நோய் எதுவும் பதியப்படாத வீரர் பின்னர் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டால், அவருடைய உடல்நலக் கெடுதல் பணியால் நேர்ந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. என் பதிவிலும் நோய் எதுவும் இல்லை. இரு நகல்களையும் இணைத்து, அத்தீர்ப்பைச் சுட்டி, புதிய மனுவைப் பதிவு அஞ்சலில் ஒப்புகைச் சீட்டுடன் அனுப்பினேன். எட்டு மாதங்களில் ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டது.