மாணவர் குரல் யாருடைய குரல்? மலைக் கல்லூரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரிக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு வகுப்பில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் படுகர் வீட்டுப் பெண் இருப்பார். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்பில் வளர்ந்த, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேரன் இருப்பார். வீட்டில் மலையாளம் பேசும் பந்தலூர்ப் பையன், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பனியர் பழங்குடி மாணவி, மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர் என எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கலாம். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு 'ஸ்டூடண்ட் ரெப்'பை (மாணவர் பிரதிநிதி) கமிட்டியில் உட்காரவைத்து, மாணவர்களைக் கேட்டுவிட்டோம் என்று எழுதிவைப்பதுதான் பல கல்லூரிகளின் வழக்கம்.

அந்த ரெப் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) கைகாட்டிய பிள்ளை. நன்றாகப் படிப்பார், மேடையில் ஆங்கிலம் பேசுவார், எதிர்த்துப் பேசமாட்டார். அவர்மேல் குறை இல்லை. ஆனால் இன்டர்னல் மார்க் போடும் கையே பிரதிநிதியையும் பொறுக்கினால், அவர் யாருக்காகப் பேசுவார்?

மாணவர் தேர்தல் பற்றி ஆராய உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட லிங்டோ குழு 2006-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சூழல் சரியில்லாத இடங்களில் மட்டும் நியமனம் இடைக்கால ஏற்பாடாக இருக்கலாம், படிப்படியாகத் தேர்தலுக்கு வந்துவிட வேண்டும் என்றது குழு. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல், ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு, அச்சடித்த போஸ்டருக்குத் தடை என்று நடைமுறையையும் வகுத்துக் கொடுத்தது. தேர்தல் என்றாலே அடிதடி என்று பயப்படும் நிர்வாகங்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

அதே பரிந்துரையில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. போட்டியிட 75 சதவீத வருகை வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் கலெக்டர் விடுமுறை அறிவித்தால் வருகைப் பதிவில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு கிராமத்துப் பாதையில் மட்டும் மண் சரிந்தாலோ, எஸ்டேட் வழியில் யானை நின்றாலோ, ஆப்சென்ட் விழுவது அந்த ஊர்ப் பிள்ளைக்கு மட்டும்தான். இருக்கிற நிபந்தனைகளே இவர்களை வடிகட்டும்போது, அதற்கு மேல் '80 சதவீத மார்க்', 'ஆங்கிலத்தில் பேசத் தெரிய வேண்டும்' என்று கல்லூரி தன் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டாம்.

தேர்தல் வேண்டாம், குலுக்கல் போடலாம் என்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் ஓரளவு சாய்வு உண்டு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளும் அதில்தான் உள்ளே வருவார்கள். உடனே, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டை முழுதாகப் படித்தால், குடத்துக்குள் பெயர் விழவே சொந்த நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. குலுக்குவது நியாயமாக நடந்தாலும், குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எனவே டே ஸ்காலர் (வீட்டிலிருந்து வந்துபோகிறவர்), ஹாஸ்டல், பழங்குடி மாணவர், மாற்றுத்திறனாளி, முதலாண்டு என்று தனித்தனிக் குடம் வையுங்கள்.

அடுத்தது கூட்டம் போடும் நேரம். இது சின்ன விஷயமாகத் தெரியும்; என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. மாலை 4 மணிக்கு மேல் கூட்டம் என்றால் மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி, பந்தலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். இறங்கித் தேயிலைத் தோட்டம் வழியே நடக்க வேண்டும். கரடியும் யானையும் உலவுகிற நேரம். எந்த வீட்டிலும் பெண்ணை அதற்கு அனுப்பமாட்டார்கள். கடைசியில் வந்து உட்காருவது ஹாஸ்டல் பிள்ளைகளும் டவுனில் வீடு உள்ளவர்களும்தான். கோடை சீசனில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது கேட்கவே வேண்டாம். வகுப்பு நேரத்துக்குள் கூட்டத்தை வைத்து, வந்தவர்களுக்கு வருகைப் பதிவில் ஓ.டி. (ஆன் டூட்டி) கொடுங்கள். கல்லூரிக்கு இதில் செலவு ஏதுமில்லை.

சரி, எல்லோரிடமும் கூகுள் ஃபார்மில் கேட்டுவிடலாம் என்பார்கள். கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம்: 1,200 மாணவர், அதில் 900 பேர் டே ஸ்காலர், 300 பேர் ஹாஸ்டல். 'வகுப்பைக் காலை 8.30-க்குத் தொடங்கலாமா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறார்கள். 200 பதில் வருகிறது. ஹாஸ்டலில் வைஃபை இருப்பதால் அதில் 140 அங்கிருந்து. சிக்னல் இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் சேர்த்து 60. ஹாஸ்டலில் 126 பேரும் டே ஸ்காலர்களில் 12 பேரும் சரி என்கிறார்கள். மொத்தம் 138, அதாவது 69 சதவீதம். 'பெரும்பான்மை ஆதரவு' என்று சர்க்குலர் வந்துவிடும். அந்தந்தப் பிரிவின் உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கிட்டால் ஹாஸ்டலில் 270, டே ஸ்காலரில் 180. 1,200-இல் 450 பேர். வெறும் 37.5 சதவீதம்தான்! ஃபார்மில் 'எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்' என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். பதில் வராத ஊர்க்காரர்களிடம் வகுப்பிலேயே தாள் கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

பழங்குடி மாணவர் விஷயத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் ஒன்றல்ல. ஊரும் மொழியும் வேறு, பள்ளிக்கூடம் எட்டிய காலமும் வேறு. ஒரே மாணவரை அழைத்து 'உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க, சொல்லுப்பா' என்று கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். குறைந்தது இருவராவது இருக்கட்டும். கல்லூரி விழாவுக்கு நடனம் ஆட மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

விதிகளில் மாணவருக்கு ஏற்கெனவே இருக்கும் இடங்கள் பலருக்குத் தெரிவதில்லை. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிகள்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும். முதல்வர் தானே மூன்று பெயரை எழுதிப் போட்டால் அது விதிமீறல். 2009-இன் ராகிங் தடுப்பு விதிகள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் குழுவில் இடம் தருகின்றன. 2023-இன் மாணவர் குறைதீர்ப்பு விதிகளில் மாணவர் வெறும் சிறப்பு அழைப்பாளர். படிப்பு, விளையாட்டுத் திறமை பார்த்து நியமிக்கப்படுபவர். அந்த ஒரு நாற்காலியைக் காட்டி, மாணவர் பேரவை எதற்கு என்று கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாணவர் தரப்புத் தவறு ஒன்று: எல்லாவற்றுக்கும் முதல்வர் அறை வாசலில் நிற்பது. நீலகிரியின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி பெறாதவற்றுக்குப் பாடத்திட்டமும் செமஸ்டர் தேர்வுத் தேதியும் கோவையில் முடிவாகின்றன. ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளில் சோறு சரியில்லை என்றால் மனு போக வேண்டியது அந்தத் துறையின் மாவட்ட அலுவலருக்கு. முதல்வர் கையில் இருப்பவை வேறு: டைம்டேபிள், நூலக நேரம், கேன்டீன், கழிப்பறை, இன்டர்னல் தேர்வுத் தேதி, பஸ் நேரம் பற்றி போக்குவரத்துக் கழகத்துக்குக் கடிதம். இந்தப் பட்டியலைப் பேரவையின் முதல் கூட்டத்திலேயே போட்டுக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெண்டர் விட்ட பின் கேன்டீன் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கேட்டதற்கு என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்லாமல் விடுவதுதான் மோசம். கூட்டக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மூன்றாமாண்டு ரெப் மார்ச்சில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஜூனில் எல்லாம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதைத் தவிர்க்க பேரவையில் பாதிப் பேரை இரண்டாமாண்டு மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டும் தொடரவிடுங்கள்.