ஏஜென்ட் இல்லாமல் வீடு வாங்கப் போகிறீர்களா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் காணி வாங்கினால், நொத்தாரிசு உறுதி எழுதி முடிக்கும் வரைக்கும் ஒன்றும் முடிந்ததாகக் கணக்கில்லை. இங்கே அப்படியில்லை. 'அக்ரிமென்ட் ஒஃப் பேர்ச்சஸ் அன்ட் சேல்' என்ற விற்பனை ஒப்பந்தத் தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தாலே மாட்டுப்பட்டாச்சு. கமிஷன் மிச்சம் என்ற சந்தோஷத்தில் கையெழுத்தை வைத்துவிட்டுப் பிறகு சட்டத்தரணியைத் தேடாதீர்கள். தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

வாய்ப்பேச்சு எடுபடாது. "பிரிட்ஜையும் வொஷிங் மெஷினையும் விட்டிட்டுத்தான் போவன், தம்பி" என்பார் விற்கிறவர். தாளில் இல்லையென்றால், திறப்பு வாங்கிக் கதவைத் திறக்கும் நாளில் குசினிச் சுவரில் பிளக் பொயின்ட் மட்டும்தான் மிச்சம். சுவரோடு பொருத்தியவை வீட்டோடு வரும். தூக்கிக்கொண்டு போகக்கூடியவை எழுதினால்தான் வரும். பேஸ்மென்டில் நிற்கும் சுடுதண்ணீர்த் தாங்கி சொந்தமா வாடகையா என்றும் கேளுங்கள். வாடகை என்றால் அந்த மாதக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

வங்கிக் கடன் கிடைத்தால்தான், வீட்டைப் பரிசோதித்துத் திருப்தியென்றால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனைகளைக் கெடுத் திகதியோடு ஒப்பந்தத்தின் இணைப்பான 'ஷெடியூல் ஏ'யில் போடவேண்டும். ஏற்கெனவே ஆட்கள் இருந்த வீட்டை வாங்கினால், மனம் மாறி விலகச் சட்டம் நாள் தருவதில்லை. பில்டரிடம் வாங்கும் புதுக் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு போன்றவை) 10 நாள் உண்டு. பழைய கொண்டோவா? 'ஸ்டேட்டஸ் சேர்டிபிக்கற்' எடுங்கள். கூடியது 100 டொலர், கொண்டோ நிர்வாகம் 10 நாளுக்குள் தரவேண்டும். கட்டடத்தின் பெரிய திருத்த வேலைகளுக்கான சேமநிதியும், வழக்குகளும் அதில் தெரியும்.

முற்பணத்தை விற்பவர் கையில் கொடுக்கவே வேண்டாம். சட்டத்தரணி மற்றவர்களின் பணத்தைப் பாதுகாத்து வைக்கும் டிரஸ்ட் கணக்கில் இருக்கட்டும். இன்னொன்று: விற்பவர் குடும்பமாகக் குடியிருக்கும் வீடென்றால், உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் அவருடைய மனைவியின் (அல்லது கணவரின்) சம்மதக் கையெழுத்து வேண்டும்.

படிப்பு, வேலை விசாவில் இருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான மத்திய அரசின் தடை 2027 ஜனவரி 1 வரை இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஆனால் விலக்குக் கிடைத்தாலும், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒன்ராறியோ போடும் 25 சதவீத வரி வேறு.

கடைசியாக, எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு தலையிடி: தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டில் முன்னுக்கு, வங்கிக் கணக்கில் பின்னுக்கு, இன்னோர் அட்டையில் முதலெழுத்தாக. அதை முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். பணம் கைமாறும் நாளன்று காலையில் சொன்னால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது.