வெள்ளிச் சேர்மத்தில் புராஜெக்டா? சறுக்கும் இடங்கள் இவை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வெள்ளிச் சேர்மம் எடுத்தால் ரிசல்ட் வராமல் போவது அபூர்வம். வெள்ளி நைட்ரேட்டோடு ஏதாவது ஓர் ஈனியை (உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறு) சேர்த்து, வடிகட்டி, உலர்த்தி, பாக்டீரியா பூசிய அகார் தட்டில் வைத்தால் பாக்டீரியா வளராத வட்டம் விழுந்துவிடும். சிக்கலே அங்கேதான். அந்த வட்டம், வெள்ளியும் ஈனியும் பிணைந்த உங்கள் அணைவுச் சேர்மத்தால் வந்ததா, அதிலிருந்து கழன்ற வெள்ளி அயனியால் வந்ததா? புதுச்சேரியோ கடலூரோ, எந்தக் கல்லூரி வைவா ஆனாலும் இதைக் கேட்டால் பிள்ளைகள் திணறத்தான் செய்வார்கள்.

காரணம், கரைப்பானை மட்டும் ஒப்பீட்டுக்கான கன்ட்ரோலாக வைத்து நிறுத்திவிடுவது. ஈனி தனியாக, வெள்ளி நைட்ரேட் தனியாக, இரண்டும் வேண்டும். அதிலும் மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் ஒப்பிடுவது தப்புக் கணக்கு. வெள்ளி நைட்ரேட்டின் எடையில் 63.5 சதவீதம் வெள்ளி. உங்கள் சேர்மத்தின் மூலக்கூறு எடை 500, அதில் ஒரே வெள்ளி அணு என்றால் 21.6 சதவீதம்தான். மோலுக்கு மோல் வைத்துப் பாருங்கள். அப்போதும் வெறும் நைட்ரேட்டே அதே அளவு கொன்றால், ஈனியால் பலன் கூடியது என்று எழுத முடியாது.

அடுத்த வில்லன் குளோரைடு. கடலோர போர் தண்ணீரில் கழுவிய பீக்கரை வாலைவடிநீரில் அலசாமல் விட்டால் கரைசல் பால் மாதிரி கலங்கும். கண்ணுக்குத் தெரிவதால் அது பரவாயில்லை. செல் வளர்க்கும் ஊடகத்தில் நடப்பதுதான் தெரியாது. ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊடகத்தில் லிட்டருக்கு 6 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. வெள்ளியில் ஒரு பங்கு குளோரைடாகப் படியலாம். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் அல்புமின் புரதமும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நிறுத்துப் போட்டதை வைத்தே ஐ.சி.50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் அளவு) எழுதினால், செல்லுக்கு உண்மையில் எவ்வளவு போனது? மருந்து விட்ட குழியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, படிவு உண்டா என்று நோட்டில் குறியுங்கள்.

வேப்பிலைச் சாற்றில் நானோ வெள்ளி செய்பவர்களுக்கு இன்னொரு வம்பு. சாற்றின் பாலிபீனால்கள், உயிருள்ள செல் ஊதாவாக்கும் எம்.டி.டி. சாயத்தை, செல்லே இல்லாமல் ஊதாவாக்கக்கூடியவை. செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வந்துவிடும். செல் இல்லாத குழி ஒன்று கட்டாயம்.

வட்டத்தின் விட்டத்தை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டுப் பெருமைப்படவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். மருந்து அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. எம்.ஐ.சி. (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) போடுங்கள். பாட்டிலை ஒளி படாமல் ஃபாயில் சுற்றி வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல் செத்துவிட்டது என்பதற்காக ‘புற்றுநோய் மருந்து’ என்று தலைப்பு வைப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது. வீரோ (குரங்கின் சிறுநீரகச் செல்) மாதிரி புற்றல்லாத செல்லும் அதே அளவில் செத்தால், கையில் இருப்பது நஞ்சு.

இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது “அப்போ வெள்ளித் தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டால், தெளிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். உடலில் சேர்ந்த வெள்ளி தோலை நீலச் சாம்பல் நிறமாக்கும். பெரும்பாலும் அது மாறாது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் கூழ்ம வெள்ளியைப் பாதுகாப்பான, பலனுள்ள மருந்தாக ஏற்க முடியாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999லேயே அறிவித்துவிட்டது. தீக்காயத்துக்கு டாக்டர் எழுதித் தரும் சில்வர் சல்ஃபாடையசினும் மேலே பூசுவதற்கு மட்டும்தான்.