கணினியில் இருக்கும் வீடியோவை ரிவியில் பார்ப்பது எப்படி?

கனடாவிலிருந்து கலியாண வீட்டு வீடியோ வந்திருக்கிறது. 12 ஜிபி. பதிவிறக்கி லப்டொப்பில் போட்டாயிற்று. அம்மம்மா தொடக்கம் சின்னப் பிள்ளைகள் வரை அந்தச் சின்னத் திரையின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க முடியுமா? ஹோலில் பெரிய ரிவி ஒன்று சும்மாதானே நிற்கிறது.

வீடியோவை அதில் ஓட்ட மூன்று வழிகள் உண்டு: கேபிள், பென்டிரைவ், வைஃபை. புதிதாகத் தொடங்குபவர்கள் வயர் இல்லாமல் பார்க்கும் ஆசையில் வைஃபையில் கையை வைத்து, அரை மணித்தியாலம் மினக்கெட்டு, கடைசியில் சலித்துப்போகிறார்கள். நான் சொல்வது, கேபிளில் தொடங்குங்கள். கேபிள் போட்டால் கோப்பைத் திறந்து ஓட்டுகிற வேலை முழுக்கக் கணினியுடையது. ரிவி வெறும் திரைதான். லப்டொப்பில் ஓடுகிற எதுவும் ரிவியில் ஓடும்.

கேபிள் வழி

லப்டொப்பின் பக்கவாட்டில், கீழ் மூலைகள் இரண்டும் உள்ளே சரிந்த தட்டையான துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் எச்டிஎம்ஐ. அதே வடிவத் துளைகள் ரிவியின் பின்பக்கத்தில் 1, 2 என்று இலக்கமிட்டு இருக்கும். படம், சத்தம் இரண்டும் இந்த ஒரே கேபிளில் போகும்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமுள்ள கணினிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தங்க முலாம் பூசியது, அது இது என்று விலை கூடியதைக் காட்டினால் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். இது டிஜிட்டல் சமிக்ஞை. ஒழுங்காக வந்து சேர்ந்தால் மலிவான கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் புள்ளி புள்ளியாக மின்னும் அல்லது திரை கறுத்துவிடும். சாதாரண 1080 தரத்துக்கு 5 மீற்றர் வரை பிரச்சினை வராது. அதைவிடத் துல்லியம் கூடிய 4கே ரிவி என்றால் மட்டும் 18 ஜிகாபிட் தாங்கும் என்று எழுதியிருப்பதை, நீளம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய லப்டொப்பில் நீல நிறத்தில் 15 ஓட்டைகளோடு விஜிஏ என்ற பழைய படத் துளை மட்டும் இருக்கலாம். விஜிஏயில் சத்தம் போகாது. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கும்போது, ஹெட்போன் துளையில் சொருகும் ஒலி வயரும் அதோடு வருகிறதா என்று பாருங்கள். புதிய மெல்லிய லப்டொப்பில் யூஎஸ்பி-சி மட்டும் இருந்தால், அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புமா என்பதை உங்கள் மொடலின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு அடப்டர் வாங்குங்கள். எல்லா யூஎஸ்பி-சியும் அனுப்பாது.

சொருகுவதற்கு முன் ரிவி, லப்டொப் இரண்டையும் நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். நம்மூரில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் போட்டு எர்த் இல்லாமலேயே சார்ஜ் போடுகிற பழக்கம் நிறைய உண்டு. அப்படிப் போட்ட லப்டொப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்று இருக்கும். அந்த நிலையில் சொருகினால் எச்டிஎம்ஐ துளைக்குக் கேடு. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் காலத்தில் பார்த்து முடிந்ததும் கேபிளைக் கழற்றியே வையுங்கள். கூரையிலுள்ள டிஷ் வயர் வழியாக ரிவிக்குள் வரும் மின்னல், எச்டிஎம்ஐ வழியாக லப்டொப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கேபிளைச் சொருகிவிட்டு இரண்டையும் போடுங்கள். ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, நீங்கள் சொருகிய இலக்கத்தை, உதாரணமாக எச்டிஎம்ஐ 1ஐ, தெரிவுசெய்யுங்கள்.

2. விண்டோஸ் என்றால் விண்டோஸ் பொத்தானையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு தெரிவுகள் வரும். 'டூப்ளிகேட்' போட்டால் இரண்டிலும் ஒரே காட்சி. படம் மட்டும் பார்ப்பதென்றால் 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' நல்லது, ரிவியின் முழுத் துல்லியமும் கிடைக்கும்.

3. படம் வந்து சத்தம் லப்டொப்பிலேயே கேட்டால் பயப்படாதீர்கள். கீழ் வலது மூலை ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வெளியீட்டுப் பட்டியலில் ரிவியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். வீடியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிட்டுத் திரும்பத் திறவுங்கள்.

4. வீடியோவை விஎல்சி பிளேயர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, எஃப் எழுத்தை அழுத்தினால் முழுத்திரை.

திரையின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிகிறதா? அது ரிவியின் பழைய பழக்கம். ரிவி மெனுவில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதைப் போட்டால் சரியாகிவிடும்.

பென்டிரைவ் வழி

லப்டொப்பை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போக அலுப்பாக இருந்தால் பென்டிரைவ். ஆனால் இங்கே கோப்பைத் திறக்கும் வேலை ரிவியிடம் போகிறது. அதனால் சிக்கல்களும் இங்கேதான் அதிகம்.

முதல் சிக்கல், கொப்பி பண்ணும்போதே வரும். பென்டிரைவில் 50 ஜிபி இடம் இருக்கும், ஆனால் கோப்பு பெரிது என்று கணினி மறுக்கும். காரணம், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு (ஃபோர்மட் செய்தால் எல்லாம் அழியும்), பென்டிரைவில் வலது கிளிக் செய்து 'ஃபோர்மட்' போய், எக்ஸ்ஃபேட் என்று தெரிவுசெய்யுங்கள். ரிவி கொஞ்சம் பழையதென்றால் எக்ஸ்ஃபேட்டை அடையாளம் காணாமல் போகலாம். அப்போது என்டிஎஃப்எஸ் போட்டுப் பாருங்கள். கொப்பி முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுக்காமல் இழுத்து எடுக்க வேண்டாம்.

இரண்டாவது சிக்கல்தான் எல்லோரையும் குழப்புவது. "அண்ணை, படம் ஓடுது, சத்தம் வரேல்லை." அல்லது சத்தம் வரும், படம் வராது. அல்லது 'இந்தக் கோப்பு ஆதரிக்கப்படவில்லை' என்று ரிவி சொல்லும். எம்கேவி, எம்பி4, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் கடையில் கட்டித் தரும் பார்சலின் வெளித்தாள் மாதிரி. உள்ளே கொத்தா, இடியப்பமா என்பது தாளைப் பார்த்தால் தெரியாது. உள்ளே படம் ஒரு முறையிலும் சத்தம் இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறைகளைக் கோடெக் என்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, வீடியோவை விஎல்சியில் திறந்து கன்ட்ரோல், ஜே இரண்டையும் அழுத்துங்கள். படத்துக்கு எச்.264 என்று இருந்தால் பெரும்பாலான ரிவிகளில் ஓடும். எச்.265 அல்லது எச்இவிசி என்றால் 4கே ரிவிகளில் ஓடும், பழைய எச்டி ரிவியில் ஓடாது. சத்தத்துக்கு ஏஏசி, எம்பி3, ஏசி3 என்றால் கவலையில்லை. டிடிஎஸ் என்று இருந்தால் கவனம். சாம்சங் 2018ஆம் ஆண்டு ரிவிகளிலிருந்து டிடிஎஸ் ஆதரவை எடுத்துவிட்டது. படம் அருமையாக ஓடி, சத்தம் மட்டும் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரிவி பழுது என்று நினைத்து யாரையும் கூப்பிட வேண்டாம்.

இதற்கு மருந்து, கோப்பை மாற்றி எழுதுவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். வீடியோவை அதற்குள் இழுத்துப் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார்நிலை அமைப்பைத் தெரிவுசெய்து, சேமிக்கும் இடத்தைக் காட்டி 'ஸ்டார்ட்' கொடுங்கள். எச்.264 படமும் ஏஏசி சத்தமும் கொண்ட எம்பி4 கோப்பு கிடைக்கும். பழைய லப்டொப்பில் இது மணிக்கணக்கில் ஓடும், சூடாகும். இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

வீட்டு அலுமாரியில் கிடக்கும் கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு டிவிடிகளுக்கும் இதே வழிதான். டிவிடிக்குள் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரில், ஒரே வீடியோ 1 ஜிபி துண்டுகளாக விஓபி என்ற பெயரில் கிடக்கும். துண்டு துண்டாக மாற்றாமல் அந்த ஃபோல்டரை முழுதாக ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். டிவிடியின் துல்லியம் 720க்கு 576 மட்டுமே. பெரிய ரிவியில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதை எந்த மென்பொருளாலும் அதிகம் மாற்ற முடியாது. வட்டுகள் பழுதாவதற்கு முன் எடுத்து வைப்பதுதான் முக்கியம்.

தமிழ் வசன வரிகள் வேண்டுமென்றால், அந்த வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்பின் பெயரும் வீடியோவின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரிகள் ரிவியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அப்படியும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ரிவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக்கில் 'பேர்ன் இன்' என்பதைத் தெரிவுசெய்தால் எழுத்துகள் படத்தோடு ஒட்டிவிடும்.

வைஃபை வழி

ரிவியும் லப்டொப்பும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். விண்டோஸில் அந்த வைஃபையைப் 'பிரைவேட்' என்று மாற்றிவிட்டு, வீடியோவில் வலது கிளிக் செய்து 'காஸ்ட் டு டிவைஸ்' போனால் ரிவியின் பெயர் வரும். விண்டோஸ் 11இல் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' உள்ளே தேடுங்கள். முதல் தடவை ரிவி அனுமதி கேட்கும். கோப்பைத் திறப்பது இங்கேயும் ரிவிதான், ஆகவே மேலே சொன்ன கோடெக் சிக்கல் அப்படியே இருக்கும். லப்டொப் திரையில் தெரிவதை அப்படியே அனுப்ப விண்டோஸ் பொத்தானையும் கே (K) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இது லப்டொப்பிலிருந்து ரிவிக்கு நேரடியாகப் போகும், ஆனால் கொஞ்சம் தாமதமாகும்.

டேட்டா முடிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வீடியோ உங்கள் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. படம் திக்கித் திக்கி வந்தால் ரவுட்டரை ரிவிக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தடித்த சுவர் தாண்டி 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை நன்றாகப் போகாது.

பழைய பெட்டி ரிவி என்றால்

ஏவி எனப்படும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் உள்ள ரிவியிலும் பார்க்கலாம். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது எதிர்ப்பக்க வேலைக்கு, இதற்கு உதவாது. பெட்டிக்கு யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுங்கள். பக்கத்தில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று ஒளிபரப்பு முறையை மாற்றும் சின்ன சுவிட்ச் இருந்தால் பால் பக்கம் தள்ளுங்கள், நம் நாட்டு முறை அதுதான். மற்றப் பக்கம் இருந்தால் சில ரிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாக வரும்.