என்.டி.ஏ. சேர்க்கை: பாடம் தெரிந்தும் வாய்ப்பை இழப்பது எங்கே?

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் என்.டி.ஏ.வில், அதாவது முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில், சேர நினைக்கும் பிள்ளைகளில் பலர் இரண்டு வருடம் கணக்குப் புத்தகத்தோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறார்கள். மொத்த மதிப்பெண் 1800. யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு அதில் 900. மீதி 900 எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத் தேர்வுக்கு. அதையும் தாண்டினால் மருத்துவப் பரிசோதனை. பாடத்தில் கெட்டிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் படிவத்திலும் தேதியிலும் உடம்பிலும்தான்.

முதலில் வயது. பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரை என்று எல்லோரும் சொல்வார்கள். அதை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள். ‘இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே பிறந்தவர்கள்’ என்று ஒவ்வொரு அறிவிக்கையிலும் இருக்கும். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் தகுதி இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் கணக்கு. பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். பிளஸ் ஒன்னில் எழுத முடியாது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’, வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். கார்த்திக்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வட இந்தியாவில் சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலருக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அப்பா, அம்மா பெயருக்கும் இதே விதி. ஆதாரை அதற்கேற்பத் திருத்தும் வேலையை அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எந்தப் படைக்கு முன்னுரிமை என்று கேட்கும் பகுதியை யோசிக்காமல் நிரப்புகிறவர்கள் ஏராளம். தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் போதும். கடற்படை, விமானப்படை, எழிமலை கடற்படை அகாடமி மூன்றுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். விமானி ஆக விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சி.பி.எஸ்.எஸ். என்ற விமானித் தேர்வை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். அதில் தவறினால் விமானி வாய்ப்பு முடிந்துபோகும். ‘சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாம்’ என்று கிளம்புகிற இடமல்ல அது.

எழுத்துத் தேர்வில் கணிதம் 120 கேள்வி, 150 நிமிடம். கால்குலேட்டர் கிடையாது; ஒரு கேள்விக்கு 75 வினாடி. சரியான விடைக்கு 2.5, தவறுக்கு 0.83 போகும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நான்கில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் குறியுங்கள். கணிதம், பொதுத்திறன் என்ற இரண்டு தாளுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. ஒன்றில் குவித்து மற்றதில் சறுக்கினால் பயனில்லை. பொதுத்திறன் தாளில் ஆங்கிலத்தின் 50 கேள்விக்கு 200 மதிப்பெண். தமிழ்வழி மாணவர்கள் பயந்து ஒதுக்குவது இதைத்தான். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சீக்கிரம் ஏறுவதும் இதுதான்.

எழுத்துத் தேர்வு முடிவில் உங்கள் எண் வந்துவிட்டதா? அன்றைக்கே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்குள் இந்தியத் தரைப்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்தால்தான் எஸ்.எஸ்.பி. அழைப்பு வரும். யு.பி.எஸ்.சி. கடிதம் அனுப்பும் என்று காத்திருந்து கெட்டவர்கள் உண்டு.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் திரும்பிவிடுவது சாதாரணம். ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு ஒரு நிமிடம் சொல்லி, குழுவாக விவாதிக்க வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி, அறை மீன் சந்தை ஆகிவிடும். அதில் இன்னும் உரக்கக் கத்துவதுதான் தலைமைப் பண்பு என்று நினைப்பது பெரிய பிழை. இரைச்சல் தணியும் நொடியில் இரண்டு வாக்கியம் தெளிவாகப் பேசுகிறவர் கவனத்தில் படுவார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, வாய் திறக்காமல் இருக்கக் கூடாது.

பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த கதைகள் அடுத்த நாள் உளவியல் தேர்வில் காட்டிக்கொடுத்துவிடும். 12 கதை, 60 சொல்லுக்குத் தலா 15 வினாடியில் ஒரு வாக்கியம், 60 சூழல்களில் என்ன செய்வீர்கள் என்று 30 நிமிடத்தில் பதில். எல்லாக் கதையிலும் நாயகன் அணித்தலைவன், ஆனால் உங்களைப் பற்றி நீங்களே நிரப்பித் தரும் பி.ஐ.க்யூ. படிவத்தில் பள்ளி அணியில் ஒரு விளையாட்டுகூட இல்லை. உளவியலாளர், குழுத்தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கடைசி நாளில்தான் ஒன்றுகூடுவார்கள். முரண்பாடு அங்கே துலங்கும். ஆகவே பி.ஐ.க்யூ. படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். ‘கிரிக்கெட் பார்ப்பது’ பொழுதுபோக்கு என்றால் கேள்வியும் அதிலிருந்துதான் வரும். அப்பாவோடு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது உங்கள் வேலை என்றால் தயங்காமல் அதை எழுதுங்கள். அதைப் பற்றிப் பேச உங்களுக்கு நிறைய இருக்கும்.

மருத்துவப் பரிசோதனையை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டியது அது. காது அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, டான்சில், மூலம், வெரிகோசீல், எடைக் கூடுதல் அல்லது குறைவு ஆகியவற்றை வருவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளச் சொல்லி அறிவிக்கையிலேயே இருக்கிறது. பட்ஸ் போட்டுக் குடைந்தால் காது அழுக்கு உள்ளேதான் போகும்; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் மேல்முறையீட்டுக் குழு முன் போக அதிகபட்சம் 42 நாள். அறுவை சிகிச்சையும் காயம் ஆறுவதும் அதற்குள் அடங்குவது கடினம்.

கண்ணாடியை ஒழிக்க லேசர் சிகிச்சை செய்துவிடலாம் என்று பெற்றோர் யோசிப்பார்கள். வேண்டாம். 20 வயதுக்கு முன் செய்த லேசர் சிகிச்சையை ஏற்பதில்லை. இந்தச் சேர்க்கையின் வயது வரம்போ பத்தொன்பதரை. உடம்பில் நிரந்தரமாகப் பச்சை குத்துவதும் அப்படித்தான்: முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பொதுவாக அனுமதி.

கடைசியாக, சான்றிதழ். ஏப்ரல் தேர்வு எழுதியவருக்குப் பயிற்சி அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். செப்டம்பர் தேர்வுக்கு அடுத்த ஜூலையில். அதுவரை கல்லூரியில் சேராமல் வீட்டில் உட்கார வேண்டாம், இறுதித் தகுதிப் பட்டியல் வரும்வரை எதுவும் உறுதியில்லை. ஆனால் அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளும், எஸ்.எஸ்.பி.யிலோ முதல் நாளே அசலைக் கேட்பார்கள். சேரும்போதே அலுவலகத்தில் பேசி, அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், இடையில் விலகினால் டி.சி.க்கும் கட்டணத்துக்கும் என்ன நடைமுறை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.