ஸ்பிட்டிக்குப் போகும் முன் கார்நிறுத்துமிடத்தில் இறங்கிப் பழகுங்கள்

டிசம்பர் விடுமுறையில் மோட்டார்சைக்கிளில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பனிமலைக்குப் போகத் துடிக்கும் தம்பி தங்கைகளே, முதலில் வலது கையை அடக்கப் பழகுங்கள். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மழை கொட்டும்போது முன் பிரேக்கை நம்பித்தான் ஓட்டுகிறோம். உறைந்த சாலையில் அதை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். சுதாரிக்க நேரமே இருக்காது. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியது எஞ்சின்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார்நிறுத்துமிடத்திலேயே இதைப் பழகலாம். நடமாட்டமில்லாத நேரத்தில் மேல்தளத்திலிருந்து முதல் கியரில், கிளட்ச்சை முழுதாக விட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்குங்கள். கை தானாகப் பிரேக்கைத் தேடுவது நிற்கும்வரை இறங்குங்கள்.

குளிர்காலத்தில் குன்ஸும் கணவாய் மூடியிருப்பதால் மணாலி வழி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போக முடியாது. சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியே செல்லுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு இன்னர் லைன் பெர்மிட் (எல்லைப்பகுதிக்குள் செல்லும் அனுமதி) தேவை, பியோவில் வாங்கலாம். வாடகை வண்டியைப் பார்த்து எடுங்கள்: நம் 2பி மோட்டார்சைக்கிள் உரிமம் 200 சிசியோடு சரி, பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனோ 411 சிசி. பயணக் காப்புறுதி மோட்டார்சைக்கிளை ஏற்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரமே 164 மீட்டர்தான். காசா 3,600 மீட்டருக்கும் மேலே. பியோவிலும் தாபோவிலும் இரவு தங்கி உடலைப் பழக்காமல் ஏறாதீர்கள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகே புறப்படுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் ஊர் சேருங்கள். பகலில் உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் நீர், வெயில் விலகியதும் உறைந்துவிடும். நிழல் விழும் வளைவுகளில் அது நண்பகலிலும் உருகாது. தார் கறுத்து மினுங்கினால் ஈரம் என்று நம்பவே நம்பாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல், இரு கால்களையும் தரையையொட்டித் தொங்கவிட்டு, நடைவேகத்தில் கடந்துவிடுங்கள். கார்கள் அழுத்தி வழவழப்பாக்கிய தடத்தைவிட மிதிபடாத பனியில் பிடிப்பு அதிகம். ஆனால் பள்ளத்தாக்கு ஓரம் வேண்டாம். பின்சக்கரத்துக்குச் சங்கிலி இருந்தால் பெரிய பலம்.

உடையில் நம்மவர்கள் எப்போதும் பருத்தியைத்தான் தேடுவார்கள். வியர்வையை உறிஞ்சிய பருத்தி காயாமல் உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும். கையுறை இரண்டு அடுக்கு, மேலடுக்கு காற்றுப் புகாதது. விரல் நுனி மரத்துப்போனால் கிளட்ச்சின் அளவு கைக்குத் தெரியாது. அடுத்த ஊர்வரை பொறுக்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிய பிறகு கிளம்புங்கள்.